கை மல்டிமீட்டர்: உயர்தர மாடல்களில் எதை வாங்குவது? வேலூர் வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துவிட்ட பழைய வேலூர் மாவட்டத்தில் மல்டிமீட்டரை நம்பிப் பிழைப்பவர்கள் பல வகை: காட்பாடியில் போர்டு ரிப்பேர் செய்பவர், சிப்காட் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர், ஆம்பூர் டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) டிரம் மோட்டாரைக் கவனிப்பவர், கல்லூரி ஆய்வகத்தில் சென்சார் வடிவமைப்பவர். ஒருவருக்குப் பொருந்தும் மீட்டர் அடுத்தவருக்கு வீண் செலவாகலாம். ஆகவே இங்குள்ள பதில்கள் எல்லாம், நீங்கள் எதை அளக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்தே தொடங்குகின்றன.

என் வேலைக்கு விலை உயர்ந்த மீட்டர் உண்மையிலேயே தேவையா?

டிவி, சார்ஜர், ஸ்டெபிலைசர் ரிப்பேரில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.9 வருகிறதா 5.1 வருகிறதா என்று பார்த்தால் போதும். லித்தியம் பேட்டரியின் 4.20 வோல்ட் சார்ஜ் எல்லைக்கு 50 மில்லிவோல்ட் ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. இவற்றுக்கு 6000 கவுண்ட் கொண்ட நல்ல நடுத்தர மீட்டரே தாராளம். பிரைமென் பிஎம்235 அந்த வகை.

12 பிட் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) வைத்து அளவீட்டு போர்டு செய்பவர் கணக்கு வேறு. 3.3 வோல்ட்டில் ஒரு படி 0.8 மில்லிவோல்ட். மீட்டரின் பிழையே 2.6 மில்லிவோல்ட் என்றால் மூன்று படிக்குள் எதையும் சரிபார்க்க முடியாது. அங்கே 0.025% மீட்டருக்குக் கொடுக்கும் பணம் வேலைக்கு உதவும்.

பாதுகாப்பு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. 415 வோல்ட் பேனலைத் திறப்பவருக்குத் துல்லியம் தேவைப்படாமல் போகலாம், நல்ல ஃபியூஸும் உண்மையான கேட் மதிப்பீடும் (எவ்வளவு பலமான மின் இணைப்பில் பாதுகாப்பாக அளக்கலாம் என்ற தர வகை) கட்டாயம் வேண்டும்.

50,000 கவுண்ட், 5,00,000 கவுண்ட் என்கிறார்களே. கவுண்ட் கூடினால் துல்லியம் கூடுமா?

கூடாது. கவுண்ட் என்பது திரையில் எத்தனை இலக்கம் தெரியும் என்பது. அந்த இலக்கங்களில் எத்தனையை நம்பலாம் என்பது ஸ்பெக் தாளில் "0.05% + 1" என்பது போல எழுதப்பட்டிருக்கும். முதல் பகுதி அளந்த மதிப்பின் சதவீதம். இரண்டாவது, கடைசி இலக்கத்தில் எத்தனை எண் தவறலாம் என்பது.

ஃப்ளூக் 87வியில் 5 வோல்ட்டை அளக்கிறோம் என்று வையுங்கள். 5-இல் 0.05% என்பது 2.5 மில்லிவோல்ட். 6 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் 1 மில்லிவோல்ட். ஆக மொத்தம் 3.5 மில்லிவோல்ட். அதே மீட்டரை 20,000 கவுண்ட் நிலைக்கு மாற்றினால் இன்னொரு இலக்கம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த நிலையில் கடைசி இலக்கப் பிழையை 10-ஆல் பெருக்க வேண்டும் என்று கையேடே சொல்கிறது. பிழை அதே 3.5 மில்லிவோல்ட்தான்.

ஃப்ளூக் 289-இல் 5 வோல்ட் ரேஞ்சுக்கு 0.025% + 2. அதாவது 1.25 மில்லிவோல்ட்டும் கடைசி இலக்கத்துக்கு 0.2 மில்லிவோல்ட்டும் சேர்ந்து 1.45 மில்லிவோல்ட்.

அப்படியானால் கூடுதல் இலக்கத்தால் பயனே இல்லையா? உண்டு. ஒரே மீட்டரில், ஒரே ரேஞ்சில், சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது அது உதவும். ரெகுலேட்டர் சூடாகும்போது வெளியீடு எவ்வளவு நகர்கிறது என்பது போன்ற மாற்றங்களை நன்றாகக் காட்டும்.

கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் 40 டிகிரி. மீட்டர் சரியாகக் காட்டுமா?

வேலூரில் இதைக் கேட்காமல் மீட்டர் வாங்கக் கூடாது. ஸ்பெக் தாளில் உள்ள துல்லியம் 18 முதல் 28 டிகிரி வரைதான் செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு பங்கு பிழை கூடும். ஃப்ளூக் 87விக்கு அது குறிப்பிட்ட துல்லியத்தில் 0.05 பங்கு. 0.1 பங்கு என்று குறிப்பிடும் மீட்டர்களும் நிறைய உண்டு.

40 டிகிரி என்றால் 28-க்கு மேல் 12 டிகிரி. 87வியில் 12 × 0.05 = 0.6, மேலே பார்த்த 3.5 மில்லிவோல்ட் 5.6 ஆகிவிடும். 0.1 பங்கு உள்ள 0.025% மீட்டரின் பிழை 2.2 மடங்காகி 0.055%-ஐத் தொடும். குளிர்ந்த அறையில் 0.05% காட்டும் மீட்டரை விட அது மோசம். மே மாதத்தில் துல்லிய வேலை இருந்தால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஏ.சி. அறையில் செய்யுங்கள். வெயிலில் நின்ற பைக் பெட்டியிலிருந்து எடுத்த மீட்டரை அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிட்டு அளக்கவும்.

முக்கிய மாடல்களை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். எது யாருக்கு?

ஃப்ளூக் 87வி: 2004 முதல் விற்பனையில் இருக்கிறது. 0.05%, கேட் 3 1000 வோல்ட், கேட் 4 600 வோல்ட். ஒரு 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 400 மணி நேரம் ஓடும். 250 மைக்ரோ விநாடி நீளமுள்ள உச்சத்தைக்கூடப் பிடிக்கும். ஏ.சி. அளவீடு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், கணினியில் பதிவு செய்யும் வசதி கிடையாது. ஆலை மெயின்டனன்ஸும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே ஆள் பார்க்கும் இடத்துக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். தண்ணீரும் தூசியும் கூடவே இருந்தால், ஐபி67 பாதுகாப்புடன் வரும் 87வி மேக்ஸ்.

ஃப்ளூக் 289: 50,000 கவுண்ட், 0.025%, ஏ.சி. 100 கிலோஹெர்ட்ஸ் வரை. அளவுகளைத் தானே பதிவு செய்து வரைபடமாகவும் காட்டும். இரவில் எப்போதோ ஒருமுறை விழும் மின்னழுத்தத்தைக் கண்டுபிடிக்க இதைப்போல் உதவும் கை மீட்டர் குறைவு. ஆனால் ஆன் செய்ததும் உடனே அளக்காது, சில விநாடி காத்திருக்க வேண்டும். ஆறு ஏஏ பேட்டரியை வேகமாகத் தின்னும். ஒரு நாளைக்கு நூறு முறை எடுத்து வைக்கும் வேலைக்கு இது எரிச்சல் தரும்.

பிரைமென் பிஎம்869எஸ்: தைவான் தயாரிப்பு. டி.சி.யில் 5,00,000 கவுண்ட் வரை, 0.02%. இரண்டு தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் வயர்) ஒரே நேரத்தில் இணைத்து வெப்ப வித்தியாசத்தையும் பார்க்கலாம். ஹீட்சிங்க் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் துல்லியத்தில் இதை மிஞ்சுவது கடினம். வாங்குமுன் இந்தியாவில் சர்வீஸ் யார் செய்வார்கள் என்று மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீசைட் யு1282ஏ: 60,000 கவுண்ட், 0.025%, ஐபி67, நான்கு ஏஏ பேட்டரியில் 800 மணி நேரம். மழையிலும் சேற்றிலும் துல்லியம் வேண்டுபவருக்கு.

ஹியோகி டிடி4282: 60,000 கவுண்ட், 0.025%. சுவிட்சைத் திருப்பும்போது தேவையற்ற துளைகள் தானாக மூடிக்கொள்ளும். ஆம்பியர் துளையில் வயர் இருக்கும்போது வோல்ட் அளக்கும் தவறு நடக்க வழியே இல்லை. பலர் கை மாறும் கல்லூரி ஆய்வகத்துக்கு இதை விடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நாசிக்கில் தயாராகும் ரிஷப் மீட்டர்கள் சிலவற்றிலும் துளையைத் தடுக்கும் அமைப்பு உண்டு. ஆய்வகத்துக்குப் பத்து, இருபது வாங்கும்போது அவற்றையும் பாருங்கள்.

ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர்) போர்டின் கரன்ட்டை அளக்க மீட்டரைத் தொடராக வைத்தால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

மீட்டரே மின்னழுத்தத்தைச் சாப்பிடுகிறது. கரன்ட் அளக்கும்போது மீட்டருக்குள் ஒரு சிறிய ரெசிஸ்டரும் ஃபியூஸும் பாதையில் வருகின்றன. 87வியின் மில்லி ஆம்பியர் துளையில் ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் 1.8 மில்லிவோல்ட் இழப்பு. வைஃபை அனுப்பும் கணத்தில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 0.54 வோல்ட் போய்விடும். 3.3 வோல்ட் 2.76 ஆகும், போர்டு மயங்கி விழுகிறது.

வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். அங்கே ஒரு ஆம்பியருக்கு 0.03 வோல்ட் இழப்புதான்; 300 மில்லி ஆம்பியருக்கு 9 மில்லிவோல்ட். 6 ஆம்பியர் ரேஞ்சில் 1 மில்லி ஆம்பியர் வரை படிக்கலாம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் 0.1 ஓம், 1% ரெசிஸ்டர் ஒன்றைப் பாதையில் ஈயம் வைத்து, அதன் இரு முனைகளிலும் மில்லிவோல்ட் அளக்கவும். 30 மில்லிவோல்ட் என்றால் 300 மில்லி ஆம்பியர்.

தூங்கும் நிலையில் உள்ள மைக்ரோ ஆம்பியரை அளப்பது இதைவிடச் சிக்கல். மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே சுமார் 100 ஓம் இருக்கும். 10 மைக்ரோ ஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட், பிரச்சினை இல்லை. ஆனால் போர்டு விழித்து 100 மில்லி ஆம்பியர் கேட்டால் கணக்குப்படி 10 வோல்ட் இழக்க வேண்டும். போர்டு எழவே எழாது. மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் வயர் போட்டு போர்டைத் தொடங்குங்கள். அது தூங்கியதும் ஜம்பரை எடுத்து அளவைப் படியுங்கள். விழிக்கும் முன் மறுபடி போடுங்கள். தானாக விழிக்கும் போர்டுக்கு ஜம்பருக்குப் பதில் ஷாட்கி டயோடு ஒன்றைக் குறுக்கே வைக்கலாம். சில மில்லிவோல்ட்டில் அது பொருட்படுத்தும் அளவுக்குக் கடத்தாது, போர்டு விழித்ததும் சுமையைத் தாங்கிக்கொள்ளும்.

டேனரி டிரம் மோட்டாருக்கு வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வைத்திருக்கிறோம். டிரைவ் ஒரு வோல்ட் காட்டுகிறது, மீட்டர் வேறு காட்டுகிறது. எது சரி?

பெரும்பாலும் டிரைவ் சொல்வது. டிரைவின் வெளியீடு சைன் அலை அல்ல. சில கிலோஹெர்ட்ஸில் வெட்டி வெட்டி அனுப்பும் துடிப்புகள். மோட்டார் சுழல்வது அதில் ஒளிந்திருக்கும் அடிப்படை அலையால். ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரோ (அலை எந்த வடிவமானாலும் உண்மை மதிப்பைக் கணக்கிடுவது) துடிப்பு முழுவதையும் கூட்டிக் கணக்கிடுவதால் அதிகமாகக் காட்டும். லோ-பாஸ் ஃபில்டர் (வேகமான துடிப்புகளை வடிகட்டும் அமைப்பு) உள்ள மீட்டரில் அதை இயக்கி அளந்தால் இரண்டும் நெருங்கி வரும். 87வி, 289, யு1282ஏ ஆகியவற்றில் இந்த ஃபில்டர் உண்டு, பிஎம்869எஸ்ஸில் வி.எஃப்.டி. என்றே தனி நிலை உண்டு.

வரிசை முக்கியம். முதலில் ஃபில்டர் இல்லாமல் அளந்து, அபாயகரமான வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகே ஃபில்டரைப் போடுங்கள். முதலிலேயே போட்டால், உண்மையில் இருக்கும் வோல்ட்டை அது மறைத்துவிடும். 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் உள்ளே டி.சி. பஸ் சுமார் 587 வோல்ட். நீண்ட கேபிளின் மோட்டார் முனையில் துடிப்பு எதிரொலித்து அதன் இரு மடங்கை நெருங்கக்கூடும். இந்த வேலைக்கு கேட் 3 1000 வோல்ட்டுக்குக் குறைந்த மீட்டரை எடுக்காதீர்கள். மீட்டர் மட்டுமல்ல, வயர்களும் அதே மதிப்பீட்டில் இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வயரைச் செருகினால் மொத்த மதிப்பீடும் அந்த வயருடையதாகிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு மீட்டர் 255, இன்னொன்று 230 காட்டுகிறது.

சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். சராசரியை எடுத்து சைன் அலைக்கு ஏற்ப 1.11-ஆல் பெருக்கும் சாதாரண மீட்டர், சதுர அலையில் 11% கூடுதலாகக் காட்டும். 230 காட்டும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரை நம்புங்கள்.

பிரேக்கரை அணைத்த பிறகும் வயரில் 60, 70 வோல்ட் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை. பக்கத்தில் ஓடும் மின்சாரம் உள்ள வயரிலிருந்து கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கசியும் போலி வோல்ட் அது. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்பதால் அற்பக் கசிவும் பெரிய எண்ணாகத் தெரிகிறது. 289-இல் உள்ள லோ-இசட் (குறைந்த உள்தடை) நிலை சுமார் 3 கிலோ ஓம் சுமை கொடுக்கும். போலியானால் அளவு சரிந்துவிடும். 87வியில் இந்த நிலை இல்லை. ஒரு எச்சரிக்கை: உண்மையிலேயே 230 வோல்ட் இருந்தால் இந்த நிலையில் 70 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் அணையும் பிரேக்கர்) விழுந்துவிடும்.

லேப்டாப் மதர்போர்டில் ஷார்ட் ஆன கண்டென்சரை மீட்டரை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், மில்லி ஓம் படிக்கும் மீட்டர் இருந்தால். 289-இன் 50 ஓம் ரேஞ்ச் 1 மில்லி ஓம் வரை காட்டும். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றுங்கள். கூர்முனை வயர்களை ஒன்றோடொன்று அழுத்தி, அளவு நிலைத்ததும் ரிலேட்டிவ் பட்டனை அழுத்தி, வயரின் தடையைக் கழித்துவிடுங்கள். கறுப்பு முனையை எப்போதும் ஒரே கிரவுண்டில் வைக்காமல், ஷார்ட் ஆன லைனில் உள்ள ஒவ்வொரு கண்டென்சரின் இரு முனைகளிலும் நேரடியாக வைத்து அளக்கவும். 85, 60, 41, 22 என்று இறங்கிக்கொண்டே போகும் திசையில் போங்கள். மிகக் குறைந்த அளவு வரும் இடத்தில் குற்றவாளி இருக்கும்.

தவறு பெரும்பாலும் முனையில்தான் நடக்கிறது. ஈயத்தின் மேல் ஃப்ளக்ஸ் படிந்திருந்தால் 20, 30 மில்லி ஓம் சும்மாவே ஏறும். முதலில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரே புள்ளியை மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

டயோடு டெஸ்டில் எல்.இ.டி. பல்பு சிப் எரியவே இல்லை. உயர்ந்த மீட்டரானால் எரியுமா?

விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல மீட்டர்களின் டயோடு டெஸ்ட் 2, 3 வோல்ட்டைத் தாண்டாது. வெள்ளை எல்.இ.டி.க்கே 3 வோல்ட் வேண்டும். பல்பு போர்டுகளில் வரும் சிப் பலவும் உள்ளே மூன்று, ஆறு எல்.இ.டி. தொடராக இணைந்த 9 அல்லது 18 வோல்ட் சிப்கள். 121ஜிடபிள்யூ மீட்டரின் டயோடு டெஸ்ட் 15 வோல்ட் வரை போகும். 9 வோல்ட் சிப்பை அது எரியவைக்கும். பல்பும் டிவி பேக்லைட்டும் மட்டுமே உங்கள் தொழில் என்றால், தனி எல்.இ.டி. டெஸ்டர் ஒன்றை வாங்கி மீட்டர் காசை மிச்சப்படுத்துங்கள்.

மீட்டர் ஃபியூஸ் போய்விட்டது. கடையில் கிடைக்கும் கண்ணாடி ஃபியூஸ் போடலாமா?

போடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் துளையில் வயர் இருக்கும்போது யாராவது 415 வோல்ட்டில் முனைகளை வைத்தால் அது நேரடி ஷார்ட். கண்ணாடி ஃபியூஸ் உருகியதும் உள்ளே தீப்பொறி வளைவு உண்டாகி, மின்சாரம் நிற்காமல் அதன் வழியே ஓடும். ஃபியூஸும் மீட்டரும் கையிலேயே வெடிக்கும். சரியான ஃபியூஸ், மணல் நிரப்பிய பீங்கான் குழாய். மணல் உருகி வளைவை விழுங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஆம்பியரை அறுக்கும் திறன் அதற்கு உண்டு.

87விக்குத் தேவை இரண்டு: 440 மில்லி ஆம்பியர் 1000 வோல்ட், 10×35 மில்லிமீட்டர்; 11 ஆம்பியர் 1000 வோல்ட், 10×38 மில்லிமீட்டர். விலை அதிகம், போலியும் உலவுகிறது. கம்பெனி டீலரிடம் பில்லோடு வாங்கி, ஒவ்வொன்றும் ஒரு உபரி வைத்திருங்கள்.

பெட்டியைத் திறக்காமல் ஃபியூஸைச் சோதிக்க: ஒரு வயரை வோல்ட்-ஓம் துளையில் செருகி, ஓம் நிலைக்குத் திருப்பி, அதே வயரின் முனையை ஆம்பியர் துளைக்குள் தொடுங்கள். 0.5 ஓமுக்குள் வந்தால் 11 ஆம்பியர் ஃபியூஸ் நலம். மில்லி ஆம்பியர் துளையில் 0.995 முதல் 1.005 கிலோ ஓம் வரவேண்டும். "ஓ.எல்." வந்தால் ஃபியூஸ் போய்விட்டது.

எஸ்.எம்.பி.எஸ். (சுவிட்சிங் பவர் சப்ளை) போர்டில் ஓம் வைத்ததும் மீட்டர் பட்டென்று அடித்தது. என்ன தவறு?

பெரிய கண்டென்சரில் மின்னேற்றம் மிச்சம் இருந்திருக்கிறது. 230 வோல்ட்டை டி.சி.யாக்கினால் 325 வோல்ட். 470 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரில் அது சுமார் 25 ஜூல். உயர்தர மீட்டர் தாங்கும், உங்கள் விரல் தாங்காது. 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த பிடியோடு கண்டென்சருக்குக் குறுக்கே 6, 7 விநாடி வைத்து, டி.சி. வோல்ட்டில் அளந்து, 2 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே ஓம் அளக்கவும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சரின் உள் இணைப்பைக் கெடுக்கும்.

கேலிப்ரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஆலைத் தணிக்கைக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025-இன் கீழ் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்க வேண்டும். அதிலும் உங்கள் மீட்டரின் ரேஞ்சுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். அரசுத் தரப்பில் சென்னையில் எஸ்.டி.க்யூ.சி.யின் (மத்திய அரசின் மின்னணுத் தரச் சோதனை அமைப்பு) ஈ.டி.டி.சி. ஆய்வகம் இருக்கிறது. கொடுக்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: திருத்துவதற்கு முன் வந்த அளவுகள், ஒவ்வொரு புள்ளிக்கும் நிச்சயமின்மை, ஏ.சி. உட்பட எல்லா ரேஞ்சிலும் அளவு. 0.025% மீட்டரைச் சோதிக்கும் கருவி அதைப்போல் நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் ஸ்டிக்கருக்கு மட்டும்தான் உதவும்.

நடுவில் நீங்களே கண்காணிக்க, 5 வோல்ட் துல்லிய ரெஃபரன்ஸ் ஐ.சி. ஒன்றும், 0.1% ரெசிஸ்டர் 100 ஓம், 10 கிலோ, 1 மெகா என மூன்றும் ஒரு டப்பாவில் வைத்து மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு அறை வெப்பத்தையும் எழுதுங்கள். அளவு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் அனுப்புங்கள்.

டேனரிப் பக்கம் மீட்டர் சீக்கிரம் கெடுகிறது. காரணம்?

முடி நீக்கும் சுண்ணாம்புக் குளியலில் சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கும். மீட்டர் துளைகளும் வயர் முனைகளும் கறுத்தால் முதலில் ஓம் அளவுகள் ஆடத் தொடங்கும். மீட்டரை மூடிய பெட்டியில் வைத்திருங்கள். ஓம் ஆடினால் வயரை மாற்றிப் பாருங்கள். பத்தில் பல முறை வயர்தான் குற்றவாளி. பிறகு துளைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். நீண்ட நாள் எடுக்காமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆல்கலைன் கசிவு போர்டையே அரித்துவிடும்.

மருத்துவமனைக் கருவிகளின் லீக்கேஜ் கரன்ட்டை இந்த மீட்டரில் அளக்கலாமா?

கூடாது. அதற்கு உடலின் தடையைப் போல நடந்துகொள்ளும் 1 கிலோ ஓம் வலையமைப்பு கொண்ட சேஃப்டி அனலைசர் தேவை. மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச் காட்டும் எண்ணை நோயாளியின் பாதுகாப்புக்குச் சான்றாக வைக்க முடியாது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஃப்ளூக் கிடைக்கிறது. வாங்கலாமா?

காட்பாடியிலிருந்து ரயில் ஏறும்போதே ஒரு புது 9 வோல்ட் பேட்டரி, 0.1% ரெசிஸ்டர் ஒன்று, உங்கள் ரெஃபரன்ஸ் டப்பா எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே பின்மூடியைத் திறந்து ஃபியூஸ்களைப் பாருங்கள். கண்ணாடியோ கம்பிச் சுற்றோ இருந்தால் முந்தையவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். சுவிட்சை எல்லா நிலைக்கும் மெதுவாகத் திருப்பி, இடையில் எழுத்துகள் மறைகின்றனவா என்று கவனியுங்கள். வயரைச் செருகி துளையை ஆட்டிப் பாருங்கள். ஓம் அளவு தாவினால் உள்ளே ஈயம் விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யலாம், விலையில் கழித்துக் கேளுங்கள். டி.சி. வோல்ட்டில் ரெஃபரன்ஸ் சரியாக வந்து ஏ.சி.யில் மட்டும் தவறினால் அந்த மீட்டரை விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குவதானால் 18% ஜி.எஸ்.டி. பில்லோடு, சீரியல் எண் எழுதி வாங்குங்கள். வாரண்டி அந்தத் தாளில்தான் இருக்கிறது.